மூளைக் கட்டியும் காணொலி ஓ.பி.யும்

மூளைக் கட்டிக்கான அறுவைச் சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடும். கதிர்வீச்சு தேவைப்பட்டால் பெரும்பாலும் ஆறு வாரம். அதற்குப் பிறகு வருவதுதான் நீளமானது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வலிப்பு மாத்திரையின் அளவை ஏற்றுவது இறக்குவது, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பது, புதிதாகத் தலைவலி வந்தால் அது கட்டியாலா கண்ணாடியாலா என்று பார்ப்பது எனப் பட்டியல் நீளும். நோயாளி வீட்டிலிருந்தபடி மருத்துவமனைக்கு வந்து வந்து போகும் இந்தக் கட்டம்தான் புறநோயாளிச் சிகிச்சை. கட்டியின் வகையைப் பொறுத்து இது சில மாதங்கள் நீடிக்கலாம், பல ஆண்டுகளும் நீடிக்கலாம். இந்த வருகைகளில் எவற்றைக் காணொலி அழைப்பாக மாற்றலாம், எவற்றை மாற்றவே கூடாது என்பதை இன்னும் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சேலம் மாவட்டத்தின் தென்கிழக்கு ஓரத்தில், பச்சைமலை அடிவாரத்தை ஒட்டிய கெங்கவல்லி வட்டம் இந்தக் கேள்விக்கு நல்ல உரைகல். குச்சிக்கிழங்கும் மக்காச்சோளமும் விளையும் பூமி. காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் உள்ளூரிலோ ஆத்தூரிலோ வைத்தியம் கிடைத்துவிடும். மூளை நரம்பு அறுவை மருத்துவர் வேண்டுமென்றால் ஆத்தூரைத் தாண்டிச் சேலத்துக்குப் போக வேண்டும். அங்கே 1986இல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. தூரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சேலத்தில் முடியாது என்றால் வேலூர், கோவை, சென்னை.

70 கிலோமீட்டர் பெரிய தூரமா என்று கேட்கலாம். நல்ல உடம்புக்கு இல்லை. மூளைக் கட்டி நோயாளியின் கணக்கு வேறு. வலிப்பு வந்தவர் வண்டி ஓட்டக் கூடாது, அதனால் இருசக்கர வாகனத்தில் ஆத்தூர் வரை போய்ப் பஸ் ஏறும் வழக்கமான ஏற்பாடு அடைபட்டுவிடும். ஒரு பக்கக் கை கால் பலவீனமாக இருந்தால் கூட ஒருவர் போதாது, இருவர் வேண்டும். பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்குத் தொடைத் தசைகள் மெலிந்து, பஸ் படியில் கால் வைத்து ஏறுவதே பாடாகிவிடும். கூட வருகிறவர்களுக்கு அன்றைய கூலி போச்சு. இத்தனைக்கும் பிறகு ஓ.பி.யில் நடப்பது பல சமயம் இவ்வளவுதான்: ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, "அதே மாத்திரையைத் தொடருங்க" என்று எழுதித் தருவது.

எல்லா மூளைக் கட்டியும் புற்றுநோய் அல்ல. மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் சாதுவானது. அறுவைக்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை ஸ்கேன் பார்த்தால் போதும் என்ற நிலை பலருக்கு வந்துவிடும். பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டிகளும் பெரும்பாலும் உயிரைக் குடிப்பவை அல்ல. ஆனால் ஹார்மோன்களைக் குலைக்கும், பார்வை நரம்பை அழுத்தும். அறுவைக்குப் பின் ஹார்மோன் மாத்திரைகளைச் சிலர் ஆயுள் முழுதும் சாப்பிட வேண்டியிருக்கும். க்ளையோமா எனப்படும் குடும்பத்தில் மெதுவாக வளர்பவையும் உண்டு, வேகமாக வளர்பவையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் இவற்றை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. நான்காம் தரத்தில் நிற்பது க்ளையோபிளாஸ்டோமா.

க்ளையோபிளாஸ்டோமாவுக்கான சிகிச்சை முறை 2005இல் வெளியான ஐரோப்பிய, கனடிய ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் ஒரே வடிவத்துக்கு வந்தது. ஆறு வாரக் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் 'கரண்டு வைப்பது'. அந்த நாட்களில் தினமும் டெமோசோலமைடு என்ற கீமோ மாத்திரை. பிறகு 28 நாளைக்கு ஒரு முறை ஐந்து நாள் வீதம் ஆறு சுற்று. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் அந்த ஆய்வில் 12.1 மாதம். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 26.5 சதவீதமாக உயர்ந்தார்கள். தொலைமருத்துவத்தின் பயனைப் பேச்சுவாக்கில் 'வசதி' என்று சொல்லிவிடுகிறோம். மாதக் கணக்கில் அளக்கப்படும் ஆயுளில், பேருந்திலும் டோக்கன் வரிசையிலும் போகும் ஒவ்வொரு முழு நாளும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

ஓ.பி. அறையில் மருத்துவர் செய்வதை மூன்றாகப் பிரிக்கலாம்: கேட்பது, பார்ப்பது, தொடுவது. கேட்பது தொலைபேசியிலேயே நடக்கும். பார்ப்பதில் பெரும்பகுதி காணொலியில் நடக்கும். தொடுவது நடக்காது. மூளை நரம்புப் பரிசோதனையில் ஓர் அனுகூலம், அதில் பார்ப்பதன் பங்கு அதிகம். வயிற்றைத் தட்டி அமுக்கிப் பார்க்காமல் குடல் நோயைக் கணிப்பது கடினம். நோயாளி பேசுவதையும் நடப்பதையும் பார்த்தே மூளையின் எந்தப் பக்கம் சிக்கல் என்று அனுபவமுள்ள மருத்துவர் பெருமளவு சொல்லிவிடுவார்.

நல்ல காணொலிப் பரிசோதனை ஒன்று இப்படி நடக்கும். கைபேசியைக் கையில் பிடிக்காமல், முகம் தெரியும் உயரத்தில் ஒரு சொம்பிலோ டப்பாவிலோ சாய்த்து வைக்கச் சொல்வார்கள். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். "காலையில என்னங்க சாப்பிட்டீங்க?" என்பது முதல் கேள்வி. அது வெறும் குசலம் அல்ல. ஞாபகம், சொல் தேடித் தடுமாறுவது, நாக்குக் குழறல் மூன்றும் அந்தப் பதிலிலேயே தெரியும். பிறகு வீட்டிலிருப்பவர் ஒரு பேனாவையும் சாவியையும் காட்டுவார், நோயாளி பெயர் சொல்ல வேண்டும். பல் தெரியச் சிரித்தால் வாயின் ஒரு கோடி இழுபடுகிறதா என்று தெரியும். கண்ணை மூடி, இரண்டு உள்ளங்கைகளும் மேல்நோக்கியிருக்கக் கைகளை நீட்டிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்வார்கள். பலவீனமான கை மெல்ல உள்பக்கம் திரும்பிக் கீழே சரியும், அது நோயாளிக்கே தெரியாது. மூக்கைத் தொட்டு எதிரில் நீட்டிய விரலைத் தொடுவது சிறுமூளைக்கான சோதனை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்வது தொடைத் தசைக்கானது. கடைசியில் தரை ஓட்டின் கோட்டின்மேல் குதிகாலை முன்காலோடு ஒட்டி வைத்து நடக்க வேண்டும். அந்தச் சமயத்தில் பக்கத்தில் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றே தீர வேண்டும். விழுந்தால் மருத்துவர் திரையிலிருந்து பிடிக்க முடியாது.

மூளைப் புற்றுநோய் ஆய்வுகளுக்காக 2017இல் ஒரு பன்னாட்டு மருத்துவர் குழு உருவாக்கிய மதிப்பீட்டு அளவுகோல் நடை, வலு, தடுமாற்றம், தொடுவுணர்வு, பார்வைப் புலம், முகத் தசை, மொழி, விழிப்பு நிலை, நடத்தை என்று ஒன்பதைப் பார்க்கச் சொல்கிறது. இவற்றில் தொடுவுணர்வைத் தவிர மற்றவற்றைக் காணொலியில் ஓரளவாவது மதிப்பிடலாம். பார்வைப் புலத்தை வீட்டிலிருப்பவர் விரலை அசைத்துக் காட்டித் தோராயமாகத்தான் பார்க்க முடியும்.

முடியாதவை குறைவு, ஆனால் முக்கியமானவை. மூளைக்குள் அழுத்தம் ஏறினால் கண்ணின் பின்புறத்தில் பார்வை நரம்பு வீங்கும். அதைக் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சுத்தியலால் தட்டிப் பார்க்கும் அனிச்சைச் செயல்கள், தசையின் இறுக்கம் ஆகியவற்றுக்கும் மருத்துவர் நேரில் வேண்டும். தலையில் போட்ட தையல் ஆறியிருக்கிறதா என்பதைப் படத்தில் பார்க்கலாம். தோலுக்கடியில் நீர் கோத்திருக்கிறதா என்பதைத் தொட்டுத்தான் சொல்ல முடியும். இன்னொன்றைப் பலர் கேட்க மறக்கிறார்கள். க்ளையோமா நோயாளிகளுக்குக் காலின் ஆழ்ந்த ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா என்று இரண்டு கால்களையும் சேர்த்துக் காமிராவில் காட்டச் சொல்ல அரை நிமிடம் போதும். வீக்கம் தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காணொலி ஓ.பி.யின் பெரிய பயன் பரிசோதனையைவிட மருந்து விஷயத்தில்தான். மூளை வீக்கத்தைக் குறைக்க டெக்ஸாமெத்தசோன் கொடுக்கிறார்கள். சாப்பிட்ட ஓரிரு நாளில் தலைவலி குறையும், பசி எடுக்கும், தெம்பு வந்ததுபோல் இருக்கும். அதனாலேயே சிக்கல். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. சர்க்கரை ஏறும், முகம் உப்பும், தொடை மெலியும், தொற்று எளிதில் ஒட்டும். இதற்கு நேர்மாறாக, 'ஸ்டீராய்டு கெடுதல்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. பல வாரம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு பெற்ற உடல், தானே சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும். படிப்படியாகக் குறைப்பதற்கு வாரம் ஒரு முறை ஐந்து நிமிடப் பேச்சு போதும், சேலம் போய் வரும் பயணம் தேவையில்லை. மாத்திரை அட்டைகள் அத்தனையையும் மேசையில் பரப்பிக் காமிராவில் காட்டச் சொல்லும் மருத்துவர், ஓ.பி. சீட்டை மட்டும் பார்ப்பவரைவிட அதிகம் தெரிந்துகொள்வார். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இரண்டு அட்டைகளாக இருப்பது இப்படித்தான் கண்ணில் படும்.

வலிப்பு மருந்தும் அப்படியே. லெவெடிரசிட்டாம் பரவலாகத் தரப்படும் நல்ல மருந்து. சிலருக்கு அது எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும். சாதுவாக இருந்தவர் தட்டை வீசுகிறார் என்றால் கட்டி வளர்ந்துவிட்டது என்று வீடு பயப்படும். காரணம் மாத்திரையாகவும் இருக்கலாம். இதை நோயாளி சொல்லமாட்டார், மனைவியோ மகனோதான் சொல்வார்கள். நெரிசலான ஓ.பி.யில் நோயாளிக்கு முன்னால் சொல்லத் தயங்குவதை வீட்டிலிருந்து பேசும்போது தனியாக நகர்ந்து சொல்ல முடிகிறது. வலிப்பு எப்படி வந்தது என்பதைக் கைபேசியில் பிடித்த படம் இன்னும் உதவும். எந்தப் பக்கக் கை முதலில் வெட்டியது, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்பதை வாய்மொழியாகக் கேட்டு எழுதுவதைவிட அரை நிமிடப் படம் துல்லியமானது.

கீமோ மாத்திரைக்கு வரம்பு வேறு. டெமோசோலமைடு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சுற்றின் மூன்றாம், நான்காம் வாரத்தில் கீழிறங்கும். தட்டணு 1 லட்சத்துக்கும் நியூட்ரோஃபில் 1,500க்கும் குறையாமல் இருந்தால்தான் அடுத்த சுற்றைத் தொடங்குவது வழக்கம். கீமோவை முடிவு செய்வதும் சீட்டு எழுதுவதும் மருத்துவமனையில் நேரில் நடக்க வேண்டியவை. ஆனால் நடுவில் வரும் ரத்தப் பரிசோதனைக்கு அங்கே போக வேண்டியதில்லை. ஆத்தூரிலோ கெங்கவல்லியிலோ ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுத்து, முடிவை அனுப்பி, இப்போதைக்கு வரலாமா, ஒரு வாரம் தள்ளியா என்று கேட்டுக்கொள்ளலாம். எண்ணிக்கை குறைவு என்று சொல்லித் திருப்பி அனுப்பப்படுவதற்காகவே ஒருவர் 140 கிலோமீட்டர் போய் வருவதைத் தவிர்க்க இவ்வளவே போதும்.

ஸ்கேனில்தான் தொலைமருத்துவம் பெரும்பாலும் இடறுகிறது. எம்.ஆர்.ஐ. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது நம்மூர் வழக்கம். அவசரத்துக்கு அது உதவும், முடிவெடுக்க உதவாது. ஒரு எம்.ஆர்.ஐ.யில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ஃபிலிமில் அச்சாகுபவை அவற்றில் சிலவே. வாட்ஸ்அப் அவற்றையும் சுருக்கிவிடும். மருத்துவருக்குத் தேவை சிடியில் உள்ள முழுக் கோப்புகள். அதைவிட முக்கியம், முந்தைய ஸ்கேன். கட்டி வளர்ந்ததா என்பது ஒரு படத்தைப் பார்த்துச் சொல்லும் விஷயமே அல்ல, இரண்டை அருகருகே வைத்துச் சொல்வது. கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதங்களில் சிகிச்சையின் விளைவாகவே அந்த இடம் வீங்கி, கட்டி பெரிதானதுபோல் ஸ்கேனில் தெரிவது உண்டு. சில வாரம் பொறுத்து மறுபடி எடுத்தால் தானாகச் சுருங்கியிருக்கும். நோயாளி எப்படி இருக்கிறார், எவ்வளவு ஸ்டீராய்டு சாப்பிடுகிறார் என்பதைச் சேர்த்துப் பார்க்காமல் ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுச் சிகிச்சையை மாற்றுவது பெரும் பிழையாகிவிடும். பழைய சிடிகளைக் காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்து வளையவிடாமல் ஓர் உறையில் தேதி எழுதிப் பத்திரப்படுத்துகிற குடும்பம், பாதி வேலையைச் செய்துவிட்டது என்றே சொல்லலாம்.

இந்தியாவில் காணொலி மருத்துவத்துக்குத் தெளிவான விதி வந்தது கொரோனா ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், 2020 மார்ச் 25 அன்று. இந்திய மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் அப்போது இயங்கிய ஆளுநர் குழு, நிதி ஆயோக்குடன் சேர்ந்து வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் அவை. பதிவு பெற்ற மருத்துவர் நாட்டின் எந்த மூலையில் உள்ள நோயாளிக்கும் காணொலி, குரல், எழுத்து எந்த வழியிலும் ஆலோசனை தரலாம். சென்னை மருத்துவர் புதுச்சேரி நோயாளியைப் பார்க்கத் தனி உரிமம் வேண்டாம். அமெரிக்காவில் மருத்துவ உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், எல்லை தாண்டிய நோயாளியைத் திரையில் பார்ப்பது அங்கே சட்டச் சிக்கலாகவே இருந்துவருகிறது. அந்த வகையில் நம் விதி தாராளமானது.

மருந்து எழுதுவதில் அந்தத் தாராளம் இல்லை, இருக்கவும் கூடாது. முதல் முறை பார்ப்பவருக்கு எழுதக்கூடிய மருந்துகள் குறைவு. அதே நோய்க்காக ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால் அது தொடர் ஆலோசனை, எழுதும் உரிமை விரிகிறது. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைக் காணொலியில் எழுதத் தடை உண்டு. அதனால் கடும் வலிக்கான மார்ஃபின் திரை வழியாகக் கிடைக்காது. எது தொலைவில் செய்யத்தக்கது என்று முடிவெடுக்கும் பொறுப்பு மருத்துவருடையது. "நேர்ல வாங்க" என்று சொல்ல அவருக்கு எப்போதும் உரிமை உண்டு. நோயாளி சார்பில் குடும்பத்தார் பேசவும் விதி இடம் தருகிறது. பேச்சு இழந்தவர்கள் உள்ள இந்த நோயில் அது சின்ன விஷயமல்ல.

தொலைமருத்துவத்துக்கும் மூளை அறுவை மருத்துவத்துக்கும் நம் பக்கத்தில் பழைய உறவு உண்டு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி. மருத்துவர்கள் ஓரிரு நகரங்களில், நோயாளிகள் எங்கெங்கோ என்ற நிலை அன்று தொட்டு இருந்தது. 2000 மார்ச்சில் ஆந்திரத்தின் அரகொண்டா கிராமத்து அப்பல்லோ மருத்துவமனையைச் சென்னையோடு இணைத்த தொலைமருத்துவச் சேவை தொடங்கியபோது, அந்த முயற்சியில் முன்நின்றவர் சென்னையின் நரம்பு அறுவை மருத்துவர் கே. கணபதி. தொடர்ந்து இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாக மருத்துவமனைகளை இணைத்தது. கேரளத்தில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் சிறு ஊர்களின் மையங்களோடு வலை அமைத்துத் தொடர் சிகிச்சை தந்தது. அன்று அதற்குத் தனி அறையும் பெரிய திரையும் செயற்கைக்கோள் இணைப்பும் வேண்டியிருந்தன. இன்று அந்த வேலையைச் சட்டைப் பையில் கிடக்கும் கருவி செய்கிறது. மாறியது கருவி மட்டுமே. ஒரு பெருநகர மருத்துவர் கவனம் கொடுத்துப் பார்க்க நேரம் ஒதுக்குவாரா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

மத்திய அரசின் இ-சஞ்சீவனி சேவையில் நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவரைப் பார்க்கும் ஓ.பி. 2020 ஏப்ரலில் தொடங்கியது. முதல் சில மாதங்களில் நாட்டிலேயே அதை அதிகம் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. கட்டணம் இல்லை. சளி, காய்ச்சல், தோல் நோய் போன்றவற்றுக்கு அது நன்றாகவே பயன்படும். மூளைக் கட்டி நோயாளி அதை முதன்மை வழியாக நம்பியிருக்க முடியாது. அழைத்தால் கிடைப்பவர் அவருடைய கட்டியை அறுத்தவராகவோ கதிர்வீச்சு தந்தவராகவோ இருக்கமாட்டார். பழைய ஸ்கேன் அவர் கையில் இருக்காது. இந்த நோயில் தொலைமருத்துவம் பயன்படுவது, ஏற்கெனவே நேரில் பார்த்துத் தொட்டு அறிந்த மருத்துவரோடு தொடரும்போதுதான். அதே சேவையின் இன்னொரு முகம் இதைவிடப் பயனுள்ளது. அதில் நோயாளி ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருக்க, அங்குள்ள மருத்துவரோ பணியாளரோ பெரிய மருத்துவமனை நிபுணரோடு பேசுகிறார். ரத்த அழுத்தம் பார்க்க, சர்க்கரை பார்க்க, காலை அமுக்கிப் பார்க்க இந்தப் பக்கம் ஒரு பயிற்சி பெற்ற கை இருக்கிறது. தொடுதல் என்ற அந்த மூன்றாவது பகுதி இப்படி ஓரளவு திரும்பக் கிடைக்கிறது.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் திட்டமாகவே அது பெயர் பெற்றது. படுக்கையில் கிடப்போருக்கான ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் அதில் அடக்கம். ஒரு பக்கம் விழுந்துபோன மூளைக் கட்டி நோயாளிக்கு வேண்டியவை அந்த இரண்டும்தான். வீட்டுக்கு வரும் பணியாளரின் கைபேசியில் சேலத்து மருத்துவர் தெரிந்தால், புதிய கட்டடமோ கருவியோ இல்லாமலே ஒரு காணொலி ஓ.பி. உருவாகிவிடும். வீட்டு வருகையும் காணொலி ஆலோசனையும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் வழக்கம்தான் ஊன்றவில்லை.

தடைகளும் உண்டு. பச்சைமலை ஊர்களில் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. காணொலி அறுந்தால் குரலில் தொடரலாம், ஆனால் நடையைப் பார்க்க முடியாது. ஆண்ட்ராய்டு போன் வீட்டுக்கு ஒன்றிருந்தாலும் அது பகலில் வேலைக்குப் போகும் பையன் கையில் இருக்கும். அதனால் நேரம் குறிக்கும்போது மாலை நேரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. இன்னொரு தடை வீட்டுக்குள் இருக்கிறது. நோயின் பெயரை நோயாளிக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். காமிராவுக்கு வெளியே நின்றுகொண்டு, சொல்லாதீர்கள் என்று மருத்துவருக்குச் சைகை காட்டுவார்கள். திரையில் அந்தச் சைகை மருத்துவருக்குத் தெரியாது. வாய் தவறி ஒரு சொல் விழுந்துவிட்டால், அழுகிறவரின் தோளில் கைவைக்க அங்கே யாரும் இல்லை. கட்டி மறுபடி வளர்ந்திருக்கிறது, இனிக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்பது போன்ற செய்திகளை நேரில்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு பயணத்தை மிச்சப்படுத்துவது மிச்சமே அல்ல.

ஆக, முதல் ஆலோசனை, அறுவைக்குப் பிந்தைய முதல் பரிசோதனை, கீமோவைத் தொடங்குவது, ஸ்கேனில் மாற்றம் தெரியும்போது எடுக்கும் முடிவு ஆகியவை நேரில். மருந்தின் அளவை மாற்றுவது, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்ப்பது, மாற்றமில்லாத ஸ்கேனை விளக்குவது, பக்க விளைவுகளைக் கேட்பது, இயன்முறைப் பயிற்சியைக் கவனிப்பது காணொலியில். பிட்யூட்டரி கட்டிக்கு அறுவை முடிந்து ஹார்மோன் மாத்திரையில் நிலைத்திருப்பவரும், மெனிஞ்சியோமா அகற்றி ஆண்டு ஸ்கேனுக்குக் காத்திருப்பவரும் பெருமளவு காணொலியிலேயே இருந்துவிடலாம். க்ளையோபிளாஸ்டோமா நோயாளிக்கு இரண்டும் மாறி மாறி வேண்டும். அழைப்புக்கு முன் ஓ.பி. சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள், மாத்திரை அட்டைகள், வலிப்பு வந்த தேதிகள் எழுதிய ஒரு நோட்டு, கூட ஓர் ஆள் எல்லாம் தயாராக இருந்தால் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே பயன்படும்.

சில அறிகுறிகளுக்குக் காணொலியில் இடமே இல்லை. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டுவது, ஒரு வலிப்பு தெளிவதற்குள் அடுத்தது வருவது, விடிகாலையில் கடும் தலைவலியோடு வாந்தி, எழுப்பினாலும் எழாத மயக்க உறக்கம், திடீரெனக் கை கால் விழுவது, பார்வை மங்குவது, கீமோ நாட்களில் காய்ச்சல், இவற்றில் எது வந்தாலும் மருத்துவரின் அழைப்புக்குக் காத்திருக்கக் கூடாது. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீர் புகட்டக் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. 108ஐ அழையுங்கள். காணொலியில் பார்க்கும் மருத்துவருக்கு வண்டி கிளம்பிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.